அலுவலக ஆங்கிலத்தில் ‘டிஎல்டிஆர்’: எங்கே பொருந்தும், எங்கே உறுத்தும்?

பதிவு 1: கீழைக்காற்று

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இங்கிலாந்தில் உள்ள வாடிக்கையாளருக்கு வாரந்தோறும் ஆங்கிலத்தில் பணிநிலை அறிக்கை அனுப்புவது எங்கள் குழுவின் வழக்கம். பல வாரங்களில் அது இரண்டு பக்கத்தைத் தாண்டிவிடுகிறது. அண்மையில் குழுவில் சேர்ந்த தம்பி ஒருவர், மின்னஞ்சலின் தொடக்கத்தில் ‘டிஎல்டிஆர்’ என்று போட்டு இரண்டு வரியில் சாரத்தைக் கொடுத்துவிட்டால் படிப்பவருக்கு எளிதாக இருக்கும் என்றார். எங்கள் மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் விரிவு ‘டூ லாங், டிட்ன்ட் ரீட்’, அதாவது ‘நீளமாக இருந்தது, படிக்கவில்லை’ என்பதுதானே, நாம் எழுதிய அறிக்கையின் நெற்றியில் நாமே அப்படி ஒட்டி அனுப்புவதா என்று கேட்கிறார். தம்பியோ, அது அகராதியிலேயே ஏறிவிட்டது, இன்று அந்த விரிவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்று வாதிடுகிறார்.

இணையத்தில் பிறந்த இந்தக் கொச்சைச் சுருக்கத்தை அன்றாட ஆங்கிலத்தில், குறிப்பாக நேரில் பழகாத ஒருவருக்கு எழுதும்போது, பயன்படுத்துவது முறையா? ஆங்கிலத்தில் நாள்தோறும் புழங்குகிறவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2: பிழைதிருத்தி

அகராதி பற்றித் தம்பி சொன்னது சரி. ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதி 2013 ஆகஸ்டில் ‘செல்ஃபி’, ‘ஃபோமோ’ போன்றவற்றைச் சேர்த்த அதே பட்டியலில் இதையும் சேர்த்தது. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் 2018இல் சேர்த்தது. ஆனால் வசைச்சொற்களுக்கும் அகராதியில் இடம் உண்டு. அதற்காக அவற்றை வாடிக்கையாளருக்கு எழுதிவிட முடியாது. ஒரு சொல் புழங்குகிறது என்று மட்டுமே அகராதி சாட்சி சொல்லும்.

உங்கள் மேலாளரும் தம்பியும் ஒரே எழுத்துகளைப் பார்த்தாலும் இரண்டு வெவ்வேறு செயல்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் நீளமாக எழுதியதன் கீழே இன்னொருவர் வந்து ‘டிஎல்டிஆர்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போனால், அது அவமதிப்பு. ‘உன் எழுத்துக்கு என் நேரம் கிடையாது’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது. இதுவே பழைய பயன்பாடு. எழுதியவரே தம் எழுத்துக்கு மேலோ கீழோ அதைப் போட்டுச் சாரத்தைத் தந்தால், அது படிப்பவரின் நேரத்தை மதிக்கும் பணிவு. இரண்டாவது பயன்பாடு முதலாவதிலிருந்து கிளைத்ததுதான். யாரோ ஒருவர் வந்து அப்படிச் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடுவோம் என்று எழுதியவர்கள் முந்திக்கொண்டார்கள். மேலாளரின் காதில் முதல் பயன்பாடு ஒலிக்கிறது, தம்பியின் காதில் இரண்டாவது. வாடிக்கையாளரின் காதில் எது ஒலிக்கும் என்பதைத்தான் நீங்கள் கண்டறிய வேண்டும்.

பதிவு 3: நிரலாளன்

பிழைதிருத்தி அவர்கள் சொன்ன வரலாற்றோடு கொஞ்சம் சேர்க்கிறேன். 2000களின் தொடக்கத்தில் இணையக் குழுமங்களில் இது புழங்கத் தொடங்கியபோது முழுக்க முழுக்கக் கேலியாகத்தான் இருந்தது. ரெடிட் போன்ற தளங்கள் வளர்ந்த பிறகு, நீண்ட கதை எழுதுகிறவர்கள் இறுதியில் ‘டிஎல்டிஆர்’ என்று போட்டு ஒரு வரி எழுதுவது ஏறக்குறைய மரியாதை முறையாகவே ஆகிவிட்டது. போடாதவரை மற்றவர்கள் கேட்டு வாங்குவார்கள்.

எங்கள் தொழிலில் இது இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைகளுக்கான கையேட்டுப் பக்கங்கள் மிக நீளமானவை என்பதால், அன்றாடம் தேவைப்படும் சில எடுத்துக்காட்டுகளை மட்டும் தரும் திறமூலத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரே ‘டிஎல்டிஆர்’ தான். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ‘டார்’ கட்டளையோடு சேர்க்க வேண்டிய சுவிட்சுகள், அதாவது விருப்பக் குறிகள், எனக்கு மனப்பாடம் ஆவதே இல்லை; நான் நாள்தோறும் முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ‘டிஎல்டிஆர்’ என்று அடித்துதான் அவற்றைப் பார்க்கிறேன். அப்போது ‘படிக்கவில்லை’ என்ற பொருள் என் நினைவுக்கே வருவதில்லை. இணையதளங்களின் பயன்பாட்டு நிபந்தனைகளைப் படித்து ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை தரமிடும் திட்டம் ஒன்று 2012இல் தொடங்கியது, அதன் பெயர் ‘டேர்ம்ஸ் ஆஃப் சர்வீஸ், டிட்ன்ட் ரீட்’. நிபந்தனைகளைப் படிக்காமலேயே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துகிற நம் அனைவரையும் நோக்கிய குத்தல் அது.

இலக்கண நிலையிலும் அது பெயர்ச்சொல்லாகிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் நீட்டி முழக்கினால், ‘வாட்ஸ் த டிஎல்டிஆர்?’ என்று கேட்பதை என் அமெரிக்க நண்பர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். ஆகவே நான் தம்பி பக்கம்.

பதிவு 4: ஆங்கில ஆசிரியை

நிரலாளன் தம் தொழிலின் வழக்கத்தை ஆங்கிலத்தின் பொது வழக்கமாக எடுத்துக்கொள்கிறார் என்று அஞ்சுகிறேன். முனையத்தில் கட்டளை தேடுகிறவருக்கும், காப்பீட்டு நிறுவனத்திலோ மருத்துவமனை நிர்வாகத்திலோ இருந்துகொண்டு மென்பொருளை விலைக்கு வாங்குகிறவருக்கும் ஆங்கிலம் ஒன்றாக இருந்தாலும் பழக்கம் ஒன்றல்ல.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமும் இல்லை. எழுத்தில் ‘இன் ஷார்ட்’, ‘இன் ப்ரீஃப்’, ‘சம்மரி’. பேச்சில் ‘த ஷார்ட் வெர்ஷன் இஸ்’, ‘லாங் ஸ்டோரி ஷார்ட்’, ‘த கிஸ்ட்’, ‘த அப்ஷாட்’. இவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ‘கிஸ்ட்’ என்றால் சாரம். ‘அப்ஷாட்’ என்றால் எல்லாம் பேசி முடித்த பிறகு மிஞ்சும் விளைவு. ‘லாங் ஸ்டோரி ஷார்ட்’ கதை சொல்லும்போது மட்டுமே பொருந்தும், அறிக்கையில் எழுதினால் விளையாட்டாகத் தெரியும். என் மாணவர்களில் பலர் இவை எதையும் கற்காமல் நேரே ‘டிஎல்டிஆர்’ என்பதற்குத் தாவிவிடுகிறார்கள். ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்வதால், இடத்துக்கேற்ற சொல்லைத் தேடும் பழக்கமே அவர்களுக்கு வராமல் போகிறது. என் மறுப்பு அந்தச் சொல்லின் மீது அன்று, இந்தச் சோம்பலின் மீதுதான்.

பதிவு 5: பாஸ்டன் வாசி

ஆசிரியை அம்மாவுக்கு ஒரு சிறு மறுப்பு. இன்று உலகமே சொல்லும் ‘ஓகே’ எங்கிருந்து வந்தது? 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில், ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே ‘ஆல்’ ‘ஓ’விலும் ‘கரெக்ட்’ ‘கே’யிலும் தொடங்குமாறு பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து அச்சிட்ட வேடிக்கைதான் அது. அக்காலத்து ஆசிரியர்களும் முகம் சுளித்திருப்பார்கள். ‘ஓஎம்ஜி’ என்பதை இளைஞர்களின் கைப்பேசிக் கொச்சை என்று நினைக்கிறோம். பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதி ஜான் ஃபிஷர் 1917இல் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் விரிவும் கொடுத்திருக்கிறார். இன்றைக்குக் கொச்சையாக இருப்பது நாளைக்கு இயல்பாகும்.

பதிவு 6: ஆங்கில ஆசிரியை

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கமும் பேசும். ‘ஓகே’ பிறந்த அதே காலத்தில் பாஸ்டன் இதழ்கள் இத்தகைய வேடிக்கைச் சுருக்கங்களை வரிசையாக அச்சிட்டன. அதேபோல் வேண்டுமென்றே எழுத்துப்பிழை செய்து, ‘நோ கோ’ என்பதற்கு ‘கே.ஜி.’, ‘ஆல் ரைட்’ என்பதற்கு ‘ஓ.டபிள்யூ.’ என்றெல்லாம் எழுதினார்கள். அவற்றை இன்று யார் அறிவார்? பிழைத்தது ஒன்று, மாண்டவை பல. டிஎல்டிஆர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று இன்னும் நூறு ஆண்டு கழித்துத் தெரியும். கீழைக்காற்று அவர்களின் அறிக்கையோ இந்த வாரம் போக வேண்டும். மேலும், ஃபிஷர் தம் கடிதத்தில் விரிவையும் உடன் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். படிப்பவருக்குப் புதிது என்று தெரிந்த சுருக்கத்தை அப்படியே விட்டுவிடவில்லை.

பதிவு 7: தேம்ஸ்கரை

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். லண்டனில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தில், மக்களுக்குப் போகும் கடிதங்களைச் செம்மையாக்கும் பணி எனக்கு. எங்கள் உள்ளரங்க உரையாடலில் டிஎல்டிஆர் சர்வ சாதாரணம். டீம்ஸ் என்ற அலுவலக உரையாடல் செயலியில் ஒருவர் நீண்ட செய்தி போட்டால் அதன் முதல் வரி பெரும்பாலும் அதுதான். இயக்குநர் நிலையில் இருப்பவர்களும் எழுதுகிறார்கள். அதே ஆள் அதே நாளில் பொதுமக்களுக்குக் கடிதம் எழுதும்போது அதைத் தொடவே மாட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் அரசின் ‘கவ்.யூகே’ தளத்துக்கான நடைக் கையேடு, எல்லோரும் அறிந்தவை தவிர மற்றச் சுருக்கங்களை முதன்முறை வரும்போது விரித்து எழுதச் சொல்கிறது. ‘எடுத்துக்காட்டாக’ என்பதற்கு நாம் பள்ளியிலேயே கற்ற ‘ஈ.ஜி.’ என்ற லத்தீன் சுருக்கத்தையே 2016 முதல் அவர்கள் கைவிடத் தொடங்கினார்கள். பார்வையற்றோருக்கு உரக்கப் படிக்கும் சில திரைவாசிப்பு மென்பொருள்கள் அதை ‘எக்’, அதாவது முட்டை, என்று படித்தது ஒரு காரணம், ஆங்கிலத்தைப் பிற்காலத்தில் கற்றவர்கள் அதில் தடுக்கி விழுந்தது இன்னொரு காரணம். நூற்றாண்டுக் கணக்காகப் புழங்கிய சுருக்கத்துக்கே இந்தக் கதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செய்தி கெட்டதாக இருந்தால் இந்தச் சொல் அருவருப்பாக ஒலிக்கும். ஆட்குறைப்பு பற்றிய அறிவிப்புக்கு மேல் ‘டிஎல்டிஆர்’ என்று போட்டு ஒரு வரி எழுதியதை வேறோர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி ஏற்படுத்திய கசப்பைக் கீழே இருந்த நான்கு பத்தி ஆறுதலும் கழுவவில்லை. தன் வேலை போவதைப் படிக்கிற எவருக்கும் அது நீளமாகத் தோன்றாது. கூடுதலாக எழுதியிருக்கக் கூடாதா என்றுதான் அவர் ஏங்குவார்.

பதிவு 8: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

இளையவர்கள் அனைவருக்கும் வணக்கம். சுருக்கத்தை மேலே வைப்பது இணையம் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். 1940 ஆகஸ்ட் 9 அன்று, ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டன் மீது குண்டு வீசத் தொடங்கியிருந்த நாட்களில், பிரதமர் சர்ச்சில் தம் துறைகளுக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பினார். அதன் தலைப்பு ‘ப்ரெவிட்டி’. வரும் தாள்கள் எல்லாம் அளவுக்கு மீறி நீளமாக இருக்கின்றன. முக்கியமானவற்றைக் குறும்பத்திகளில் எழுதுங்கள், விரிவான ஆய்வும் புள்ளிவிவரமும் பின்னிணைப்புக்குப் போகட்டும், சுற்றி வளைக்கும் அலுவலகத் தொடர்களை விட்டுவிடுங்கள் என்பதே சாரம். அமெரிக்கத் தரைப்படையின் கடிதப் போக்குவரத்து விதி 25-50, முடிவான செய்தியைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே வைக்கச் சொல்கிறது. அதற்கு அவர்களிடம் ‘பாட்டம் லைன் அப் ஃப்ரன்ட்’ என்று பெயர், சுருக்கமாக ‘ப்ளஃப்’.

படைத்துறையின் பெயர் ‘முடிவு முன்னே’ என்கிறது, அதாவது எழுதுகிறவரின் கடமையைச் சொல்கிறது. இணையத்தின் பெயர் ‘நீளம், படிக்கவில்லை’ என்கிறது, அதாவது படிக்கிறவரின் பொறுமையின்மையைச் சொல்கிறது. செயல் ஒன்றுதான் என்றாலும் மனநிலை வேறு. எனக்கு முன்னது பிடிக்கும். அது என் வயதின் கோளாறாகவும் இருக்கலாம்.

பதிவு 9: நிரலாளன்

ஐயா சொன்னதை ஏற்கிறேன். அதோடு ஒரு நடைமுறைக் குறிப்பு. ரெடிட்டில் இது அடியில் வந்ததற்கும் மின்னஞ்சலில் தலையில் வருவதற்கும் காரணம் உண்டு. அங்கே முழுப் பதிவும் கண்முன் விரிந்து கிடப்பதால் படிப்பவர் நேரே அடிக்கு உருட்டிக்கொண்டு போவார். ஜிமெயிலின் பட்டியலிலோ, தலைப்புக்குப் பக்கத்தில் மடலின் முதல் சில சொற்கள் மங்கலாகத் தெரியும். திறப்பதற்கு முன்பே கண்ணில் படுவது அவைதான். அந்த இடத்தில் ‘நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்’ என்று எழுதி நாம் பெரும்பாலும் வீணடிக்கிறோம். ‘டிஎல்டிஆர்’ என்ற எழுத்துகளும் அந்த இடத்தில் செய்தி எதையும் சொல்வதில்லை. ஒட்டுப்பெயரே இல்லாமல் சாரத்தையே முதல் வாக்கியமாக எழுதிவிட்டால் இந்தச் சண்டையே எழாது. பதிவு 3இல் தம்பி பக்கம் நின்றவன் இப்போது நடுவில் வந்து நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு 10: மொழிப்பொறி

பெயரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பெயருக்குக் கீழே வரும் இரண்டு வரியைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய சிக்கலாகப் படுகிறது.

நான் கணினி மொழியியலில் இருக்கிறேன். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2019இல் ஜிபிடி-2 என்ற, தானே உரை எழுதும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை வெளியிட்டபோது ஒரு சோதனை செய்தார்கள். செய்திக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, அதன் முடிவில் ‘டிஎல்;டிஆர்:’ என்று மட்டும் சேர்த்தார்கள்; சுருக்கித் தா என்று வேறெந்தக் கட்டளையும் இடவில்லை. இணையத்தில் மனிதர்கள் அந்த எழுத்துகளுக்குப் பின் சாரம் எழுதிய பழக்கத்தை உள்வாங்கியிருந்த மாதிரி, தானே சுருக்கம் எழுதத் தொடங்கியது. அந்தக் குறிப்பை எடுத்துவிட்டால் தரம் குறைந்தது. டிஎல்டிஆர் என்பது பொருளளவில் ‘இதோ சாரம்’ என்று ஆகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே ஆய்வுக்கட்டுரை இன்னொன்றையும் ஒப்புக்கொண்டது: பார்வைக்குச் சுருக்கம்போல் இருந்தவை, விபத்தில் எத்தனை கார்கள் மோதின, முத்திரை தொப்பியில் இருந்ததா சட்டையில் இருந்ததா என்பன போன்ற விவரங்களைக் குழப்பின.

மனிதர்கள் எழுதும் சுருக்கத்திலும் இதே கோளாறு வேறு உருவில் வருகிறது: நிபந்தனை உதிர்ந்துவிடும். கீழைக்காற்று அவர்களின் அறிக்கை போன்ற ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். உள்ளே மூன்றாம் பத்தியில், ‘உங்கள் தரப்பிலிருந்து ஃபயர்வால் அனுமதி புதன்கிழமைக்குள் வந்தால், தரவு மாற்றத்தை வெள்ளிக்கிழமை முடித்துவிடுவோம்’ என்று இருக்கிறது (ஃபயர்வால் என்பது வலையமைப்பின் பாதுகாப்புத் தடுப்பு). மேலே, ‘டிஎல்டிஆர்: தரவு மாற்றம் வெள்ளிக்கிழமை முடியும்’ என்று போடுகிறோம். வாடிக்கையாளர் மேல்வரியை மட்டும் படிக்கிறார். படிக்க வேண்டியதில்லை என்றுதானே அந்தச் சொல்லே அவருக்குச் சொல்கிறது? அனுமதி வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவர் கேட்கிறார், நாம் மூன்றாம் பத்தியைச் சுட்டுகிறோம், அவர் முதல் வரியைச் சுட்டுகிறார். என் பார்வையில் அவர் பக்கமே நியாயம்.

பதிவு 11: பிழைதிருத்தி

மொழிப்பொறி அவர்கள் சரியான இடத்தில் கை வைத்தார். இதை ஒட்டிய ஒரு செய்தி: 2022 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. இணைய நிறுவனங்கள் தங்கள் பயன்பாட்டு நிபந்தனைகளின் தொடக்கத்தில் எளிய சுருக்கம் ஒன்றைத் தர வேண்டும், பயனரிடமிருந்து எந்தத் தகவல் திரட்டப்படுகிறது என்பதையும் அதில் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். ஆங்கிலத்தில் அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘டிஎல்டிஆர்’ வருமாறு அமைத்திருந்தார்கள். அந்த அவையின் காலத்தில் அது நிறைவேறவில்லை. ஆனாலும், மசோதாவுக்கே பெயராகும் அளவுக்குப் பொதுமக்கள் அறிந்த சொல்லாக அதை அமெரிக்க உறுப்பினர்கள் கருதினார்கள் என்பது தெரிகிறது. இங்கிலாந்து அலுவலகங்களில் அந்த அளவு இணக்கம் உண்டா என்பதைத் தேம்ஸ்கரை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பதிவு 12: தேம்ஸ்கரை

தொழில்நுட்பத் துறையில் உண்டு. மற்ற இடங்களில் ஆளைப் பொறுத்தது. ஒரு வழி சொல்கிறேன்: அந்த வாடிக்கையாளர் இதுவரை உங்களுக்கு எழுதிய மடல்களைப் புரட்டிப் பாருங்கள். அவரே எங்காவது ‘டிஎல்டிஆர்’ என்றோ ‘எஃப்ஒய்ஐ’ (‘உங்கள் தகவலுக்கு’) அளவுக்கு மேற்பட்ட இணையச் சுருக்கங்களையோ எழுதியிருந்தால் நீங்களும் தயங்க வேண்டியதில்லை. ‘டியர்’ என்று தொடங்கி ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ என்று முடிக்கிறவராக இருந்தால் ‘சம்மரி’ என்றே போடுங்கள். முந்திக்கொண்டு நெருக்கம் காட்டுவதை இங்கே பலர் விரும்புவதில்லை. வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள், அதுதான் தொல்லை.

பதிவு 13: கீழைக்காற்று

அனைவருக்கும் நன்றி. பழைய மடல்களைப் பார்த்தோம். வாடிக்கையாளர் தரப்பில் இருவர் எங்களோடு பேசுகிறார்கள். அவர்களுடைய தொழில்நுட்பப் பொறுப்பாளர் உரையாடல் செயலியில் இந்தச் சுருக்கத்தைத் தாராளமாகப் புழங்குகிறார். நிதிப் பிரிவில் இருந்து அறிக்கையைப் பெறும் அம்மையார் ஒருமுறைகூட எழுதியதில்லை. அறிக்கை இருவருக்குமே போகிறது. ஆகவே மின்னஞ்சலில் ‘சம்மரி’ என்று தலைப்பிடுவது, செயலியில் தொழில்நுட்பப் பொறுப்பாளருக்குத் தனியே எழுதும்போது தம்பியின் விருப்பப்படி எழுதிக்கொள்வது என்று மேலாளர் முடிவு செய்திருக்கிறார். தம்பிக்கு அரைமனம்தான்.

மொழிப்பொறி அவர்கள் காட்டிய ஃபயர்வால் எடுத்துக்காட்டை மேலாளர் படித்துவிட்டுச் சிரித்தார். எங்கள் நிலவரமும் அதுபோன்றதுதான். இந்த வார வரியை இப்படி அமைத்திருக்கிறோம்: ‘புதன்கிழமைக்குள் உங்கள் அனுமதி கிடைத்தால் தரவு மாற்றம் வெள்ளிக்கிழமை முடியும், கிடைக்காவிட்டால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். அனுமதிக்கான படிவம் இணைப்பில் உள்ளது.’ நிபந்தனையைப் பின்னால் வைக்காமல் முன்னால் வைத்தது மேலாளரின் யோசனை.

தம்பி ஒரு கேள்வியை இங்கே கேட்கச் சொன்னார்: செயலியில் எழுதும்போது நடுவில் அரைப்புள்ளி கட்டாயமா? பேசும்போது எப்படி ஒலிப்பது?

பதிவு 14: பிழைதிருத்தி

அகராதிகள் அரைப்புள்ளியோடுதான் தலைச்சொல்லைத் தருகின்றன. ‘டூ லாங்’ என்பதற்கும் ‘டிட்ன்ட் ரீட்’ என்பதற்கும் இடையில் இருக்கும் அரைப்புள்ளி அது. உரையாடலில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டும் புழக்கத்தில் உண்டு. பின்னால் சாரம் தொடர்ந்தால் முக்காற்புள்ளி போடுவது நல்லது.

ஒலிப்பில் நான்கு எழுத்தையும் தனித்தனியாகச் சொல்வதே வழக்கம். எழுத்துகளைச் சேர்த்து ‘டீல் டியர்’ என்று சொல்லி, நீலப்பச்சை நிற மான் ஒன்றை வரைந்து ஒட்டும் பழைய இணைய வேடிக்கையும் உண்டு. தம்பி அதைத் தொழில்நுட்பப் பொறுப்பாளருக்கு வேண்டுமானால் அனுப்பலாம். நிதிப் பிரிவு அம்மையாருக்கு வேண்டாம்.